குறை கேட்டுப் போனவர்

மரக்காணத்தில் யாராவது தவறிவிட்டால் முதல் போன் பந்தல்காரருக்குப் போகும். அடுத்த போன் மணிவண்ணனுக்கு. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பிளக்ஸ் பேனர் வடிவமைத்துத் தரும் கடை அவருடையது. கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள் எதுவானாலும் போட்டோவும் பெயரும் தேதியும் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். உருக்கமான வரிகள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே தயாராக இருக்கும். இத்தனை வருடத்தில் அந்த வரிகளைப் பற்றி ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை. யாரும் படித்ததில்லை என்பதே காரணம்.

படித்த ஒரே ஆள் அவருடைய மனைவி விஜயலட்சுமி.

சென்ற வருடம் விஜயலட்சுமியின் அப்பா நடராசன் இறந்தபோது, துக்க வீட்டு அலைச்சலில் மணிவண்ணன் பழைய பேனர் ஒன்றைத் திறந்து படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பிவிட்டார். ஆயுள் முழுக்க உப்பளத்தில் பாத்தி மிதித்து உப்பு வாரிய நடராசன், 'களம் கண்ட கபடிச் சிங்கமே, கல்லூரி கண்ட இளந்தளிரே' என்று அழைக்கப்பட்டுக் காரியம் முடியும்வரை சாலை முனையில் நின்றார். துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தப் பேனர் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனார்கள். விஜயலட்சுமி மட்டும் நின்று படித்தார். பிறகு சில வாரங்கள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை டம்ளர் வைக்கும் சத்தத்தில் மட்டும் நடந்தது.

இப்போது முதலாமாண்டு நினைவு நாள் நெருங்கிவிட்டது.

“ஏங்க, இந்த வாட்டி அப்பா பேனரு ஒழுங்கா வரணும்” என்றார் விஜயலட்சுமி. “கம்ப்யூட்டர்ல கெடக்கறத எடுத்துப் போட்டீங்கன்னா, எங்கம்மா வூட்டு வாசப்படிய மிதிக்காதீங்க. எங்கப்பாவுக்குன்னு நீங்களே நாலு வரி எழுதுங்க.”

“நானா?”

“ஊருக்கெல்லாம் எழுதுறீங்க இல்ல?”

ஊருக்கு எழுதியது நான் இல்லை, இணையத்தில் யாரோ எழுதி வைத்ததைத்தான் எடுத்துப் போடுகிறேன் என்ற உண்மையைப் பதினான்கு வருடமாகச் சொல்லாதவர், அன்றைக்கு மட்டும் எப்படிச் சொல்வார்? சரி என்று தலையாட்டினார். அந்த வாரம் முழுக்க டிசைன் வேலைகளுக்கு நடுவே எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் நாலு வரி மிஞ்சியது.

உப்பளத்திலிருந்து வருவார்.
வாசலில் கால் கழுவிவிட்டுத்தான்
உள்ளே வருவார்.
கழுவிய இடம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

நன்றாக இருக்கிறதா, இல்லையா? மணிவண்ணனுக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்தமாக எழுதியவருக்கு வரும் சந்தேகம் அது, கால்சட்டை பின்னால் கிழிந்திருக்கிறதோ என்பது போல. மனைவியிடம் காட்டலாம்தான். ஆனால் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். முதலில் வெளியாள் யாராவது ஒருவர் படித்துப் பார்த்து, இங்கே இடிக்கிறது, அங்கே சரியில்லை என்று சொன்னால் போதும். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு குறை.

அந்த நேரம் பார்த்து, சான்றிதழ்களை லேமினேட் செய்ய வந்தார் கார்த்திகேசன். பால் சொசைட்டியில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு கட்டு.

“இவ்ளோ சர்டிபிகேட்டு எதுக்குங்க சார்?”

“கவிதைக்கு வாங்கனது. போன வாரத்துது மட்டும் கொண்டாந்தேன்” என்றார் கார்த்திகேசன்.

அப்படித்தான் மணிவண்ணன், கார்த்திகேசன் செயலாளராக இருக்கும் உலகத் தமிழ் உப்புக்காற்றுக் கவிஞர் மாமன்றம் என்ற வாட்ஸ்அப் குழுவைப் பற்றித் தெரிந்துகொண்டார். நானூறுக்கும் மேற்பட்ட கவிஞர்கள் அதில் ஒருவர் கவிதைக்கு ஒருவர் பின்னூட்டம் எழுதி வளர்ந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் ஒரே கடற்கரைச் சாலையில், கூனிமேட்டுக்கும் கோட்டக்குப்பத்துக்கும் இடைப்பட்டவர்கள். ஓர் உறுப்பினர் குவைத்தில் லாரி ஓட்டுவதால் 'உலக' என்ற சொல் சேர்க்கப்பட்டிருந்தது.

தலைவர் கவிப்பேரொளி சக்கரபாணி. பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தவர் என்பதால் மாமன்றத்தில் எந்தக் கவிதையும் சும்மா வெளியாவதில்லை. பதிவு எண் போடப்படும். இது இன்னாருடைய சொந்தப் படைப்புதான், வில்லங்கம் ஏதுமில்லை என்று சாட்சிகள் இருவர் கட்டைவிரல் சின்னம் போட வேண்டும். குழுவில் சேருவோருக்குப் புனைபெயர் கட்டாயம். அதையும் தலைவரே போனில் பேசித் தருவார்.

“உங்களுக்கு இன்னா பேரு வேணும் கவிஞரே?”

“மணிவண்ணன்னே இருக்கட்டுங்க ஐயா.”

“அது வூட்ல கூப்புடற பேரு. நம்ம மாமன்றத்துல உப்புல ஆரம்பிக்கணும். உப்புநிலவன், உப்புச்சூரியன், உப்பரசன் எல்லாம் போயிடுச்சி. உப்புத்தென்றல் போன மாசம்தான் ஒருத்தர் எடுத்தாரு. உப்புத்தூண் இருக்குது. எடுத்துக்கறீங்களா?”

மணிவண்ணன் உப்புத்தூண் ஆனார்.

சேர்ந்த அன்று, 'வணக்கம், சற்று நேரத்தில் என் கவிதையைப் பதிவிடுகிறேன்' என்று எழுதினார். அடுத்த நிமிடமே மழை கொட்டியது போலப் பின்னூட்டங்கள் வந்தன. 'ஆகச்சிறப்பு!' 'என்னவொரு ஆழம்!' 'கடைசி வரியில் கண் கலங்கிவிட்டேன் கவிஞரே.' குவைத் உறுப்பினர் மட்டும் நிதானமாக, 'இரண்டாம் வாசிப்பில் இன்னும் பிடித்தது' என்று எழுதியிருந்தார்.

மணிவண்ணன் பதறிப்போய்க் கார்த்திகேசனைக் கூப்பிட்டார்.

“சார், நான் இன்னும் கவிதையே போடலிங்க.”

“அதனால இன்னா? அட்வான்ஸா வெச்சிக்குங்க” என்றார் கார்த்திகேசன். “இது கல்யாணத்துல மொய் வெக்கிற மாதிரிதாம்பா. நம்ம வூட்டு விசேஷத்துக்கு வந்தவங்களுக்கு நாம போயி வெக்கிறது இல்ல? மாப்பிள்ள எப்படி இருக்கான்னு பாத்துட்டா மொய் வெக்கிறோம்? நீங்க மொதல்ல பத்துப் பேருக்குப் பின்னூட்டம் போடுங்க. உங்களுது தானா வரும்.”

மணிவண்ணன் கடமை தவறாதவர். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பத்துக் கவிதைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கேதான் அவர் அந்தத் தவறைச் செய்தார். கவிதைகளைப் படித்துவிட்டார்.

பெரிய முதலியார்சாவடியில் விடுதிக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற சகாயமேரி எழுதிய கவிதை ஒன்று. அதன் கீழே மணிவண்ணன் பணிவாக எழுதினார்: 'அம்மா, முதல் வரியில் பொழுது சாய்கிறது. மூன்றாம் வரியில் சேவல் கூவுகிறது. நடுவில் இரவு வரவில்லையே?'

குழு மௌனமானது. உப்பு வண்டி டயர் வெடித்தால் சாலையில் எல்லோரும் நின்று பார்ப்பார்களே, அப்படி. சிறிது நேரத்தில் 'இந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்' என்று வந்தது. மறுநாள் காலை மணிவண்ணனுக்கு, மாமன்றத்தின் முத்திரையோடு, விளக்கம் கேட்கும் கடிதம் வந்தது. அதில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்.

'தாங்கள் சக கவிஞர் ஒருவரின் படைப்பை முழுமையாகப் படித்துவிட்டுப் பின்னூட்டம் இட்டதாகப் புகார் வரப்பெற்றுள்ளது. இது உண்மையெனில், தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை அளிக்கவும்.'

மணிவண்ணன் விளக்கம் எழுதினார். தான் புதியவர் என்றும், படித்தது தெரியாமல் நடந்துவிட்டது என்றும், இனி நடக்காது என்றும் மன்னிப்புக் கேட்டார். குழு மறுபடி திறந்துவிடப்பட்டது. மன்னிப்புக் கடிதத்துக்கு 'ஆகச்சிறப்பு' என்று முப்பது பேர் பின்னூட்டம் இட்டனர்.

மன்னிப்புக்குப் பிறகு ஒருவழியாகத் தன் நாலு வரியைப் பதிவிட்டார். மேலே, 'என் மாமனாரின் முதலாமாண்டு நினைவு நாளுக்காக எழுதியது' என்று குறிப்பும் போட்டார். மகிழ்ச்சி வெள்ளம் புரண்டு ஓடியது.

'வாழ்த்துகள் உப்புத்தூண்! இதுபோல் இன்னும் பல நினைவஞ்சலிகள் எழுதும் வாய்ப்பு தங்களுக்கு அமையட்டும்!'

'தங்கள் குடும்பத்தில் இத்தகைய நிகழ்வுகள் தொடரட்டும்!'

'அருமை. மாமனாருக்கும் என் வாழ்த்தைச் சொல்லவும்.'

மணிவண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார். நாலாம் வரியில் வெள்ளை என்று எழுதியது சரியா என்று கேட்க வந்தவர், குடும்பத்தில் அடுத்து யார் என்று நினைத்துக் கலங்கிப்போனார். ஆனாலும் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. நினைவு நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி எழுதினார்: 'அனைவருக்கும் நன்றி. தயவுசெய்து யாராவது ஒரு குறை சொல்லுங்கள்.'

மாமன்றத்தின் ஆறு வருட வரலாற்றில் அப்படி ஒரு கோரிக்கை வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை கூகுள் மீட்டில் அவசரப் பொதுக்குழு கூட்டப்பட்டது.

வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு ஏற்புரை. ஒவ்வொருவரும் பேச ஆரம்பிக்குமுன் மற்ற எல்லோரையும் பட்டப்பெயரோடு விளித்ததில் இலவச நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது. புது இணைப்பு அனுப்பப்பட்டது. மீண்டும் முதலில் இருந்து விளித்தார்கள். மூன்றாவது இணைப்பில்தான் தலைவர் பேச எழுந்தார். அவர் உதடு அசைவதை எல்லோரும் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, மியூட்ல இருக்கீங்க” என்றார் மணிவண்ணன்.

“மியூட்ல இருந்தாலும் அருமையான உரை ஐயா” என்றார் கார்த்திகேசன்.

தலைவர் மைக்கைத் திறந்தார். “கவிச் சொந்தங்களே! நம்ம மாமன்றத்துல பல்லாயிரம் கவிதை பதிவாகி இருக்குது. ஒரு கவிதையக்கூட நல்லா இல்லன்னு ஒருத்தரும் சொன்னதா சரித்திரமே கெடையாது. அதுக்குப் பேருதான் தரம்! யாரும் படிக்கறதே இல்ல, அதான் குறை தெரியலன்னு சில விஷமிங்க பேசறாங்க. நான் கேக்கறேன், படிச்சிட்டுத்தான் பாராட்டணும்னா ஒரு நாளைக்கி எத்தினி பேரப் பாராட்ட முடியும்? அன்பு காட்டறதுக்குப் படிப்பு எதுக்குங்க? இவ்ளோ ஏன், என் கவிதைய நானே திரும்பிப் படிச்சது கெடையாது. அவ்ளோ நம்பிக்க!”

கைதட்டல் சின்னங்கள் திரை முழுக்கப் பறந்தன.

“இருந்தாலும்” என்று தலைவர் குரலைத் தாழ்த்தினார், “உறுப்பினரோட கோரிக்கைய நாம தள்ளிவிட முடியாது. ஜனநாயகம் இருக்குது. அதனால முறைப்படி ஆக்கபூர்வக் குறையறி குழுன்னு ஒண்ணு அமைக்கறோம். நான், செயலாளர், சகாயமேரி அம்மா. இனிமே குறை வேணும்னா குழுதான் தரும். தனியாரு யாரும் குறை சொல்லக் கூடாது.”

குழு அங்கேயே கூடியது. மணிவண்ணன் நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டார். உண்மையிலேயே ஆர்வமாக இருந்தார், பாவம்.

“மொதல்ல நான் சொல்றேன்” என்றார் கார்த்திகேசன். “நெலாவே இல்லியே இதுல. நெலா இல்லாம எப்படி?”

“அவரு மதியம்தான் வூட்டுக்கு வருவாரு சார்.”

“வரட்டுமே. நெலா அது பாட்டுக்கு இருக்கப்போவுது, உங்களுக்கு இன்னா?”

அடுத்து சகாயமேரி. ஏதோ சொல்ல வாயெடுத்தார், தலைவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, “ஒவ்வொரு வரி முடிவுலயும் மூணு புள்ளி வெச்சிடுங்க தம்பி. துக்கம் தானா வந்துடும்” என்றார்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “கால் கழுவறதுன்னு எழுதி இருக்கீங்க. சபைக்கு ஒவ்வாத காரியம். பாதங்களைப் பனிநீரில் நீராட்டின்னு வெச்சிக்கலாம். வாசல்ங்கறீங்க, எந்த வாசல்? இமயத்தின் வாசல்னு போட்டா ஒரு கம்பீரம் வருது பாருங்க. புரட்சி எங்கயும் காணோம். ஒரு புரட்சி போடுங்க.”

“அவரு உப்பளத்துல வேல செஞ்சவருங்க ஐயா. புரட்சி ஒண்ணும் பண்ணலிங்க.”

“இப்ப பண்ணட்டும். இப்பதான் அவருக்கு நேரம் இருக்குதே” என்றார் கவிப்பேரொளி.

இப்படியாகக் குறைகள் களையப்பட்டு, பதிவு எண் இடப்பட்டு, குவைத்தில் இருந்து ஒரு சாட்சியும் உள்ளூரில் இருந்து ஒரு சாட்சியும் கட்டைவிரல் வைத்து, கவிதை திரும்பி வந்தது.

இமயத்தின் வாசலிலே, இனியநிலா ஒளியினிலே…
பனிநீரில் பாதங்கள் நீராட்டும் பாவலனே…
புரட்சிப் பெருநெருப்பே, பூந்தமிழின் புதுவரவே…
உப்பாக நீ கரைந்தாய், உலகாக நீ விரிந்தாய்…

கூடவே சான்றிதழும் வந்தது. 'இரங்கற்பா வேந்தர்' என்ற பட்டம். மணிவண்ணன் நினைவஞ்சலியோடு அனுப்பியிருந்த மாமனார் படத்தை மாமன்றத்தினர் கவிஞர் படம் என்று எடுத்துக்கொண்டதால், தோளில் துண்டோடு விறைப்பாக நின்ற நடராசன்தான் சான்றிதழின் நடுவில் இருந்தார். தன் மறைவுக்குத் தானே எழுதிய சிறந்த இரங்கல் கவிதைக்காக அமரர் நடராசன் பாராட்டப்பட்டிருந்தார். மேன்மேலும் படைக்க வாழ்த்தப்பட்டும் இருந்தார்.

நியாயமான மனிதன் இந்த இடத்தில் குழுவை விட்டு வெளியேறியிருப்பான். மணிவண்ணன் வெளியேறவில்லை. நானூறு பேர் ஒன்றைச் சிறப்பு என்று சொல்லும்போது, பேனர் கடைக்காரர் ஒருவர் தனியாக நின்று இல்லை என்று எப்படிச் சொல்வார்? தப்பு நம் பக்கம்தானோ என்று தோன்ற ஆரம்பித்தது. இமயத்தில் கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திண்டிவனத்து அச்சகத்துக்கு மாலைக்குள் பைல் போக வேண்டும். மாமன்றத்தின் வரிகளை வைத்து பேனரை முடித்தார். ஓரத்தில் ஒரு பௌர்ணமி நிலாவையும் வைத்தார்.

மதியச் சாப்பாட்டுக் கூடையோடு விஜயலட்சுமி கடைக்கு வந்தது அப்போதுதான். திரையில் அப்பாவைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். நாலு வரியையும் மெதுவாகப் படித்தார்.

“யாருங்க இது?”

“இன்னா இப்படிக் கேக்கற? உங்கப்பாதான்.”

“போட்டோல இருக்கறது எங்கப்பா. எழுத்துல இருக்கறது யாரு? இமயமலைக்கி எப்பங்க போனாரு எங்கப்பா? திண்டிவனத்துக்கு பஸ்ஸு ஏறுனாலே வாந்தி எடுப்பாரு மனுஷன்.”

மணிவண்ணனுக்கு வேர்த்தது. மாமன்றம், குறையறி குழு, சாட்சிகள், சான்றிதழ் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது. விஜயலட்சுமி சான்றிதழை வாங்கி, அப்பா வேந்தராக நிற்பதைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று பிரிக்கத் தெரியாமல் மணிவண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“மொத மொத நீங்க எழுதனது எங்க?”

போனைக் கொடுத்தார். விஜயலட்சுமி படித்தார். மறுபடி படித்தார். அந்த நேரத்தில் மணிவண்ணன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கப் போனபோதுகூட அவர் இப்படித் தவித்ததில்லை.

“இதுல ஒண்ணு தப்பு” என்றார் விஜயலட்சுமி.

மணிவண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் நானூறு பேரிடம் கெஞ்சியும் கிடைக்காதது இது. “இன்னா தப்பு?”

“எங்கப்பா கால் கழுவவே மாட்டாரு. அளத்துல இருந்து வந்தா அப்படியே நேரா உள்ள வருவாரு. எங்கூட்டு சிவப்புத் தரை பூரா வெள்ள வெள்ளயா காலடி விழும். எங்கம்மா வெளக்கமாத்தத் தூக்கிக்கினு பின்னாலயே திட்டிக்கினு வரும். 'உப்பு மூட்டைய வூட்டுக்குள்ள கொட்டறான் பாரு'ன்னு. தெனம் அந்தச் சண்டதான். நீங்கதான் மாப்பிள்ளயாச்சே, உங்களுக்கு முன்னாடி மட்டும் கழுவுவாரு.”

மணிவண்ணன் அசந்துபோனார். மாமனார் தனக்காகக் கால் கழுவியிருக்கிறார் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

“இப்ப உங்கம்மா தரையத் தொடைக்கறது இல்லியா?”

“தொடைக்க இன்னா இருக்குது? அப்படியே கெடக்குது தரை. பளபளன்னு.” விஜயலட்சுமி கூடையைப் பிரிக்கத் தொடங்கினார். “சாப்புடுங்க, ஆறிடப்போவுது.”

மணிவண்ணன் சாப்பிடவில்லை. நிலாவை அழித்தார். இமயத்தை அழித்தார். விசைப்பலகையில் கொஞ்ச நேரம் தட்டினார்.

நினைவு நாளன்று உப்பளத்துக்குத் திரும்பும் சாலை முனையில் பேனர் நின்றது. நடராசன் படம், தேதி, அதன் கீழே வெறும் நாலு வரி.

உப்பளத்திலிருந்து வந்தால்
கால் கழுவாமல் உள்ளே வருவார்.
அம்மா திட்டுவாள்.
ஒரு வருடமாகத் தரை சுத்தமாக இருக்கிறது.

மாமியார் சின்னப்பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் படித்துக் காட்டினார். “நான் திட்டனத ஊரு பூரா போட்டு மானத்த வாங்கிட்டானே ஒம் புருசன்” என்றார் கிழவி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்று விஜயலட்சுமி பரிமாறியபோது மணிவண்ணன் இலையில் மட்டும் ஒரு வடை கூடுதலாக விழுந்தது.

அளத்துக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் படித்தார்கள். உப்பு லாரிக்காரர்கள் மெதுவாகப் போனார்கள். மரக்காணத்தில் பேனர் ஒன்று படிக்கப்படுகிறது என்ற செய்தி மாமன்றத்துக்கும் எட்டியது. அன்று மாலை குழுவில் கண்டனத் தீர்மானம் வந்தது. பதிவு செய்யப்பட்ட கவிதையை அனுமதியின்றித் திருத்தியதற்காகவும், மாமன்றத்துக்கு வெளியே ஒரு தனிநபரிடம், அதுவும் வீட்டுக்குள்ளேயே, குறை பெற்றதற்காகவும் உப்புத்தூண் நீக்கப்பட்டார். குறை என்ற சொல்லையே இனி குழுவில் பயன்படுத்தக் கூடாது என்றும் முடிவானது. தீர்மானத்துக்கு 'ஆகச்சிறப்பு' என்று நூற்றுக்கும் மேற்பட்ட பின்னூட்டங்கள் வந்தன.

அடுத்த வாரம், விஜயலட்சுமி சாப்பாடு கொண்டுவரும் நேரமாகப் பார்த்து, சகாயமேரி கடைக்கு வந்தார். ஆதார் அட்டையை லேமினேட் செய்ய வேண்டும் என்றார். அது ஏற்கெனவே லேமினேட் ஆகித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், பையில் இருந்து ஒரு தாளை எடுத்து விஜயலட்சுமியிடம் கொடுத்தார்.

“நடுவுல ராத்திரிய வெச்சிட்டேம்மா. ஒரு தடவ பாக்கறியா?”

மறுநாள் கார்த்திகேசன் வந்தார், லேமினேட் செய்யச் சான்றிதழ் ஒன்றும் இல்லாமல், ஒரே ஒரு கவிதைத் தாளோடு. போகும்போது அந்தத் தாளில் இருந்த நிலாவைப் பேனாவால் அடித்துக்கொண்டே போனார்.

அதற்கும் இரண்டு நாள் கழித்து, கடை மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மொபட் பேருந்து நிறுத்தத்தை மூன்று முறை சுற்றிவிட்டுக் கடைமுன் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தவரைக் குரலை வைத்துத்தான் மணிவண்ணன் அடையாளம் கண்டார்.

“தம்பி, ஒரு ஜெராக்ஸ் எடுக்கணும்.”

“ஒக்காருங்க ஐயா. கரண்டு இருக்குது, எடுத்துடலாம்.”

கவிப்பேரொளி உட்காரவில்லை. சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் இருந்தது. அதை எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். “ஜெராக்ஸு அப்பறம் எடுத்துக்கலாம். வூட்டம்மா இருக்காங்களா?” என்றார். “ஒண்ணுமில்ல. என் சம்சாரத்துக்குக் காட்டனா 'நல்லா இருக்குது, சாப்புட வாங்க'ங்கறா. நாப்பது வருஷமா அதையேதான் சொல்றா. நம்ம குழுவப் பத்தித்தான் உங்களுக்கே தெரியும்.”

இப்போதெல்லாம் மாலையில் கடைக்கு வந்துவிடும் விஜயலட்சுமி உள்ளேயிருந்து வந்து தாளை வாங்கினார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். தலைவர் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆயிரக்கணக்கான கவிதை எழுதியவர், ஒருவர் தன் கவிதையைப் படிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்.

“நல்லா இல்லீங்க” என்றார் விஜயலட்சுமி.

மணிவண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் அசையவில்லை.

“எந்த எடத்துலம்மா?” என்று கேட்டார்.

“மூணாவது வரியில இமயமலை வருது பாருங்க, அங்க இருந்து கடைசி வரைக்கும்.”

“அப்ப… மொத ரெண்டு வரி?”

விஜயலட்சுமி மறுபடி அந்த இரண்டு வரியையும் படித்தார். அவசரப்படவில்லை. “நீங்க ரிடையர் ஆன அன்னிக்கி, ஆபீஸ்ல இருந்த நாக்காலிய நீங்களே தொடச்சி வெச்சிட்டு வந்தேன்னு எழுதி இருக்கீங்களே, அதானே? அது பரவால்ல.”

தலைவர் தாளை வாங்கி, முன்பிருந்த மடிப்பிலேயே பத்திரமாக மடித்துப் பையில் வைத்தார். இது வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஜெராக்ஸை மறந்துவிட்டு வெளியே போனார். மொபட்டில் ஏறி உட்கார்ந்தவர் வண்டியைக் கிளப்பாமல் போனை எடுத்தார்.

“இன்னும் சாப்புட வரல, இரு” என்று மனைவியிடம் சொல்வது கடைக்குள் கேட்டது. “ஒரு விசயம் சொல்லணும். என் கவிதைய ஒருத்தங்க படிச்சாங்க. ஆமா, முழுசா. பரவால்லன்னு சொல்லிட்டாங்க… ரெண்டு வரி!”